இரண்டு பக்கமும் விட்டு

எங்கள் தெருவில் ‘இதோ அக்கா’ என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நின்று “ஆச்சா?” என்று கேட்டால், துணி இன்னும் மடிப்புக் கலையாமல் கிடந்தாலும் உள்ளேயிருந்து “இதோ” என்று குரல் வரும். அதைச் சுத்தப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. சொன்ன வாய் மூடுவதற்குள் அந்தத் துணியை எடுத்து மேசைமேல் விரித்திருப்பாள். சும்மா உட்காரத் தெரியாத பிறவி. பேசிக்கொண்டே பொத்தான் வைப்பாள், சாப்பிட்ட கை காய்வதற்குள் நூல் கோப்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நான் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு சந்து இருக்கிறது. சந்து என்னுடையது, அதற்கு மேலே பறக்கிற பேச்சு இருவருக்கும் பொது.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். இரவு வண்டி. சாயங்காலம் கிளம்பினால், மறுநாள் வெயில் ஏறியபிறகுதான் வீடு திரும்புவார். அவர் தூங்க வேண்டிய பகல்தான் அவள் தைக்க வேண்டிய பகலும். வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம்: முன்னால் தையல், நடுவில் கட்டில், கடைசியில் அடுப்பு. முன்னறைக்கும் நடு அறைக்கும் இடையில் கதவு கிடையாது, ஒரு திரைதான். மிஷினுக்குப் பழைய மோட்டார். அதை அழுத்தினால் என் வீட்டுப் பாத்திரம் அதிரும். அவருடைய தலையணைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

“தூங்கலையாங்க?” என்று இவள் திரையை விலக்கிக் கேட்பாள்.

“தூங்கிட்டுதான் இருக்கேன்.”

“கண்ணைத் திறந்துக்கிட்டா?”

“இப்ப கை தைச்சு முடிச்சே. அடுத்தது காலர். காலர்னா விட்டு விட்டு சத்தம் வரும்.”

சத்தத்தை வைத்தே என்ன தைக்கிறாள் என்று சொல்லிவிடுவார். இதைத் தெருவே ஒரு வேடிக்கையாகப் பேசிச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஒரு மனிதன் இத்தனை வருஷமாகப் பகலெல்லாம் விழித்துக் கிடக்கிறான் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒருநாள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன் மாடியிலிருந்து சந்துப் பக்கமாக வந்து நின்றாள். கையில் ஊசி இல்லை, துணி இல்லை. 

“நேத்து வண்டி ரோட்டை விட்டு இறங்கிடுச்சு,” என்றாள்.

“ஐயோ. யாருக்காவது...”

“ஒண்ணும் இல்ல. சைடு கண்ணாடி மட்டும் போச்சு. வண்டியில எல்லாரும் தூங்கிட்டு இருந்தாங்களாம்.” கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள். “அவரும்தான்.”

டிப்போவில் மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம், இன்னொரு தடவை இப்படி ஆனால் வண்டியைத் தொட விடமாட்டோம் என்று. அவர் வேலை போய்விடும் என்பதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. “நான் தைக்கத் தைக்க அவரு தூக்கம் போகுது. அந்தத் தூக்கத்தை வண்டியில போய்ப் பிடிக்கிறாரு. பின்னாடி வண்டி நிறைய ஆளுங்க,” என்றாள். அன்றிலிருந்து மிஷினை அழுத்தும்போதெல்லாம் அவளுக்கு அந்த வண்டிதான் ஞாபகம்.

என்னென்னவோ செய்து பார்த்தாள். அவர் போன பிறகு இரவில் தைத்தாள். மூன்றாவது இரவே கண் சொக்கி, விரலுக்குள் ஊசியை ஏற்றிக்கொண்டாள். மிஷினை எங்கள் முன்னறையில் கொண்டுவந்து போடச் சொன்னேன். போட்டாள். ஒரு வாரத்துக்குள் என் வீட்டுக்காரருக்கு மிஷின் ஒரு பக்கம், தலைவலி ஒரு பக்கம். அவர் போட்ட சத்தத்துக்கு மிஷினே தேவலை என்று அவளாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மோட்டாரைக் கழற்றிவிட்டு, மெதுவாகக் காலால் மிதித்துத் தைத்தாள். மருத்துவமனை ஆட்களுக்குச் சீருடை தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்ட வேலை மலை மாதிரி குவிந்ததுதான் மிச்சம். கடைசியில் மொட்டை மாடியில் ஓர் அறை கட்டி மிஷினை மேலே ஏற்றிவிடுவது என்று முடிவானது. கதவு வைத்த அறை. கதவைச் சாத்தினால் சத்தம் மேலேயே நிற்கும்.

கட்டுவதற்கு முன்னால் நகராட்சி அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு வரைபடம் வேண்டும். அலுவலகத்துக்கு எதிரே, நகல் எடுக்கும் கடைக்கு மாடியில் பிளான் போடுகிறவர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். வீட்டைப் பார்க்க வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, போனிலேயே கேட்டார்.

“மாடியோட அகலம் அளந்து சொல்லுங்கம்மா. ரெண்டு பக்கமும் மூணு மூணு அடி விட்டு அளங்க. முன்னாடியும் பின்னாடியும் நான் பார்த்துக்கறேன்.”

அக்கா கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்போடு மாடிக்கு ஓடினாள். டேப்பைப் புரட்டிப் புரட்டி வைத்து, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை அளந்தாள். நான் கொடிக்கம்பியைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். அளந்து முடித்து, ஏதோ கூட்டி, எண்ணைச் சொன்னாள். போனை வைத்துவிட்டு என்னிடம், “தாராளமான ஆளா இருப்பாரு போல. மூணு அடி விடச் சொல்றாரு,” என்றாள். எனக்கும் அப்போது தப்பாகப் படவில்லை. பெரிய அறைதானே, நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். அனுமதிப் பிரிவு மேல்தளத்தில். வாசலில் நீள பெஞ்சு, பெஞ்சு நிறையச் சுருட்டிய காகிதம் வைத்துக்கொண்டு மனிதர்கள். ஒரு தடவை நானும் துணைக்குப் போனேன். பெஞ்சில் அவளோடு உட்கார்வது, கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிற வேலை. எழுந்தாள், உட்கார்ந்தாள், எட்டிப் பார்த்தாள். பக்கத்திலிருந்த முதியவரின் பையில் பிரிந்திருந்த காதைத் தைத்துக் கொடுத்தாள். பிறகு கவுன்ட்டரில் இருந்த அம்மாளின் தோளையே வெறித்துப் பார்த்தாள்.

“கைக்குழி பிரிஞ்சிருக்கு பாரு. ரெண்டு நிமிஷ வேலை.”

நான் தொடையில் கிள்ளினேன். “பேசாம இரு அக்கா. லஞ்சம்னு எழுதிடப் போறாங்க.”

எங்கள் முறை வந்தபோது கவுன்ட்டர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “கையெழுத்துப் போடற பெரியவர் சீட்டுல இல்ல. பேப்பர் உள்ள போயிருக்கு. இதோ வந்துடும்.”

“இதோன்னா எப்பங்க?”

“இதோன்னா இதோதான்மா. அடுத்த வாரம் வந்து பாருங்க.”

படி இறங்கும்போது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “இப்பத் தெரியுதா, உன் வாசல்ல நிக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு?” என்றேன். அவள் சிரிக்கவில்லை. “அவங்களுக்குச் சட்டை லேட்டாகுது. எனக்கு வண்டி தினமும் கிளம்புது,” என்றாள். எனக்கு முகம் செத்துவிட்டது.

அந்த நாட்களில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது அவள் வாசலிலேயே நிற்பாள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, சட்டைப் பையில் பாதி பிழிந்த எலுமிச்சம்பழத்தைப் போட்டுக்கொண்டு போவார். தூக்கம் வந்தால் கடிக்கவாம். மறுநாள் விடிந்ததிலிருந்து அவருடைய செருப்புச் சத்தம் கேட்கிற வரைக்கும் இவள் மிஷின் ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். எந்த நேரத்தில் கவலை வந்து காலைப் பிடித்தது என்று சந்துக்கு இந்தப் பக்கமிருந்தே எனக்குச் சொல்ல முடிந்தது.

பிறகு ஒரு காலையில் எனக்கே அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பக்கத்து வீட்டார் கட்ட உத்தேசித்துள்ள அறை தங்கள் எல்லைக்குள் வருவதாகத் தெரிகிறது, தங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று. அவளுக்கு விண்ணப்பமே திரும்பி வந்திருந்தது. வரைபடத்தை அவள் வெட்டும் மேசையில் விரித்து இருவரும் குனிந்து பார்த்தோம். மேலே இருந்த அறை கீழே இருந்த வீட்டைவிட அகலம். சிறிய தலையில் பெரிய தொப்பி வைத்த மாதிரி இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றது. அவளுடையது முனை வீடு, ஒரு பக்கம் குறுக்குத் தெருவுக்கு மேலே. இன்னொரு பக்கம் என் சந்தைத் தாண்டி, என் மொட்டை மாடிக்கே வந்திருந்தது.

“என்னக்கா, என் கொடிக்கம்பி உன் ரூமுக்குள்ள இருக்கு? துணி காயப்போட உன்கிட்டதான் சாவி கேட்கணுமா?” என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “உன் இடத்துல ஒரு இஞ்சு எனக்கு எதுக்குடி?” என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பிளான் போடுகிறவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழ்வீட்டை ஒரு தாளிலும் மேல் அறையை வேறு தாளிலும் போட்டதால் கவனிக்கவில்லையாம். ஆனாலும் விடவில்லை.

“ரெண்டு பக்கமும் மூணு அடி விட்டு அளங்கன்னு சொன்னேன்லம்மா?”

“விட்டுத்தானே அளந்தேன்.”

“எங்க விட்டீங்க?”

“வெளியில.”

“வெளியிலயா?”

“பின்ன உள்ளயா விடுவாங்க? உடம்பு அளவுக்கு மேல விட்டுத்தானே வெட்டணும்? விடாம வெட்டினா தையல் எங்க போறது, நாளைக்கு உடம்பு வெச்சா எதைப் பிரிக்கிறது?”

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் அவள் வாசலில் நாங்கள் சொன்னதெல்லாம் என்ன? “கொஞ்சம் விட்டுத் தைங்கக்கா, பிள்ளை வளர்றான்.” விடுவது என்றால் அவளுக்குக் கூடுதலாக வைப்பது. அந்தச் சொல்லுக்கு அவள் கையில் வேறு அர்த்தமே கிடையாது. மூன்று அடி கழிக்க வேண்டிய இடத்தில் மூன்று அடி கூட்டியிருக்கிறாள், அதுவும் இரண்டு பக்கமும்.

“துணியில விடறது உங்களுக்காகம்மா,” என்றார் அவர், பாவமாக. “இங்க விடறதுன்னா விட்டுக்குடுக்கறது. பக்கத்து வீட்டுக்கு, காத்துக்கு. அந்த இடத்தைத் தொடக்கூடாது.”

திருத்திப் போட்டுக் கொடுத்தார். கவுன்ட்டர் அம்மாள் வாங்கிப் பார்த்தாள். “இது சரி. ஆனா ‘தையல் அறை’ன்னு எழுதியிருக்கே, தொழிலா?” என்று கேட்டாள். வீட்டுத் தையல்தான் என்று இவள் மென்று விழுங்கினாள். “அளக்க வர்றவர் பார்த்துச் சொல்லுவாரு,” என்று அந்த அம்மாள் முத்திரை குத்தி உள்ளே அனுப்பினாள்.

அக்காவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போது அறை எவ்வளவு இருக்கும் என்று தாளில் பார்த்து அவளுக்குப் பிடிபடவில்லை. எதையும் வெட்டுவதற்கு முன்னால் கோடு போட்டுப் பார்ப்பதுதான் அவள் பழக்கம். அளக்க வருகிறவர் வருவதாகச் சொன்ன அன்று காலையில், துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். இரண்டு பக்கமும் இந்தத் தடவை உள்ளே விட்டு, சிமென்ட் தரையில் அறையை வரைந்தாள். அதற்குள் வெட்டும் மேசையை வரைந்தாள். மிஷினை வரைந்தாள். மிஷினுக்கு முன்னால் ஸ்டூலை வரைந்தால், ஸ்டூல் சுவருக்கு வெளியே போனது. காலால் அழித்துவிட்டு மேசையைத் திருப்பி வரைந்தாள். கதவு திறக்கவில்லை. மறுபடி அழித்தாள். நான் என் மாடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். துணி காயப்போட வந்தவள், வாளியை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

“பத்தாதுடி,” என்றாள் கடைசியில். முகமெல்லாம் சாக்கட்டிப் பொடி. “எப்படிப் போட்டாலும் பத்தல. இத்தனை அலைஞ்சு, கடைசியில மிஷின் கீழயேதான்.”

அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. சாக்கட்டியை இரண்டாக ஒடித்தாள், நான்காக ஒடித்தாள், பொடியாக்கினாள். 

அந்த நேரத்தில் அவர் படியேறி வந்தார். இரவு வண்டி ஓட்டிவிட்டு வந்து குளித்திருந்தார், கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கீழே சீருடை வாங்க வந்த ஆட்கள் வாசலில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்ததால் படுக்க முடியவில்லையாம். வானம் மூடிக்கிடந்தது, நல்ல காற்று.

“இதான் உன் ரூமா?” என்று கோட்டைப் பார்த்தார். “வாசல் எங்க?”

அவள் விரலால் காட்டினாள். மனிதர் கோட்டை மிதிக்காமல், வரைந்த வாசல் வழியாகவே உள்ளே போனார். இல்லாத நிலைப்படிக்குத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. “நீளம் பத்துதான்னு பார்க்கறேன்,” என்று தோளிலிருந்த துண்டை விரித்துப் படுத்தார். தலை ஒரு பக்கச் சுவரில் இடிக்கவில்லை, கால் மறுபக்கச் சுவரில் முட்டவில்லை. “காத்து வருதும்மா,” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். முடிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்துகொண்டது. ஒரு குறட்டை வந்தது.

இத்தனை வருஷத்தில் அவர் குறட்டையை நான் கேட்டதே இல்லை.

அக்கா அசையாமல் நின்றாள். கீழே யாரோ, “அக்கா, ஆச்சா?” என்றார்கள். நாக்கு நுனி வரை வந்த ‘இதோ’வை விழுங்கிவிட்டாள். அவள் அதைச் சொல்லாமல் விட்டதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். படியேறி வருகிற சத்தம் கேட்டது, கேட்டவர்தான் பொறுமையிழந்து வருகிறார் என்று நினைத்தேன். வந்தது சீருடைக்காரர் இல்லை. கையில் கோப்பும் இடுப்பில் இரும்பு டேப்பும் வைத்திருந்த, மூச்சு வாங்குகிற ஒரு மனிதர். அளக்க வந்தவர்.

“இங்க யாரும்மா ரூம் கட்ட...” என்று ஆரம்பித்தவர் கீழே பார்த்து நிறுத்தினார். “யாரு இது?”

அவள் உதட்டில் விரலை வைத்தாள். “வீட்டுக்காரருங்க. ராத்திரி வண்டி ஓட்டறவரு.”

அவர் தலையாட்டிவிட்டு இரும்பு டேப்பை இழுத்தார். அது கரகரவென்று கத்தியது. படுத்திருந்தவர் புரண்டார். அக்கா பாய்ந்து போய் அளக்க வந்தவர் கையைப் பிடிக்காத குறைதான். தன் கழுத்திலிருந்த இஞ்சு டேப்பைக் கழற்றி நீட்டினாள். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, இரும்பு டேப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு துணி டேப்பை வாங்கினார். செருப்பையும் கழற்றினார். ஒரு நுனியை அவளிடம் கொடுத்தார். தூங்குகிறவரின் தலைமாட்டில் ஒருத்தி, கால்மாட்டில் ஒருத்தர். விளிம்பிலிருந்து கோடு வரை அளக்கப் போனபோது அவள் ரகசியக் குரலில் கேட்டாள்.

“விட்டு அளக்கறதுன்னா உள்ளதானேங்க?”

“உள்ளதான்மா,” என்றார் அவரும் ரகசியமாக. அளவு சரியாக இருந்தது. கோப்பைத் திறந்தார். “தையல் அறைன்னு போட்டிருக்கே. தொழில்னா வேற அனுமதி, வேற கவுன்ட்டர். இதுல மிஷினும் மேசையும் எப்படிம்மா நிக்கும்?”

அவள் குனிந்தாள். தரையைப் பார்த்தாள். அழித்த மேசை, அழித்த மிஷின் எல்லாவற்றுக்கும் மேலே துண்டை விரித்து அவர் படுத்திருந்தார். கைகால் நீட்டியும் இடம் மிச்சம் இருந்தது. இத்தனை நாளும் மிஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்றுதான் அவள் யோசித்திருக்கிறாள். நானும் அப்படித்தான். மனிதரை மேலே அனுப்பலாம் என்று எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவே இல்லை.

“தையல் இல்லைங்க,” என்றாள். “தூங்கற ரூம்.”

“நிச்சயமா?”

“பார்க்கறீங்கல்ல.”

அவர் பார்த்தார். “அப்ப பிளான்ல அந்த ஒரு வார்த்தையை மாத்திக் குடுங்க. நான் சரின்னு எழுதிடறேன். கையெழுத்து பெரியவரு போடணும்.” செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே படி இறங்கினார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மேகம் விலகி வெயில் அடித்தது, நேராகத் தூங்குகிறவர் முகத்தில். கூரையில்லாத அறைக்கு வேறென்ன கிடைக்கும். அக்கா ஓடிப்போய் வெட்டாத சீருடைத் துணிச் சுருளைத் தூக்கி வந்தாள். பிரித்து ஒரு நுனியைப் பிடித்துப் பார்த்தாள், மறுநுனி அவர் மூக்கில் விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சந்துக்கு மேலாகக் கை நீட்டினேன். துணியைப் போட்டாள். என் கொடிக்கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, மறுநுனியை அவள் பிடிக்க, தொய்யாமல் இருக்க இந்தப் பக்கம் நானும் இழுத்துப் பிடித்தேன். நிழல் அவர் தலையிலிருந்து கால் வரைக்கும் விழுந்தது.

கீழே மறுபடியும், “அக்கா, ஆச்சா?” என்று கூப்பிட்டார்கள். சாயங்காலம் வண்டிக்கு அவர் கிளம்பியாக வேண்டும். அதுவரைக்கும் பிடிக்க வேண்டும். கை வலித்தது. அவள் கால் மட்டும் மிஷின் மிதிக்கிற மாதிரி தரையில் ஆடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், அதுவும் நின்றிருந்தது.